சாப்பாட்டு மெட்டும் பக்கத்துப் பட்டறை உளியும்

மாமல்லபுரத்தில் என்னைவிட நன்றாக சாக்ஸஃபோன் வாசிப்பவன் கிடையாது. வாசிப்பவனே நான் ஒருத்தன்தான் என்பது வேறு விஷயம். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடற்கரை ஹோட்டல் ஒன்றில் வாசிப்பேன். "சாப்பிடறவங்களுக்குத் தொந்தரவு இல்லாம ஒண்ணு பதிவு பண்ணிக் குடுங்க, லிஃப்ட்லயும் ஓடட்டும்" என்று மேனேஜர் கேட்டதால், வீட்டிலேயே போனில் ஒரு மெட்டைப் பதிவு செய்தேன். வார்த்தையே கிடையாது, வெறும் மெட்டு.

பக்கத்திலே சிற்பப் பட்டறை. அன்றும் உளிச் சத்தம் பதிவில் புகுந்துவிட்டது. மூன்று வருஷமாக அந்தச் சிற்பியோடு எனக்கு இதே சண்டை. "நான் வாசிக்கிற நேரமா பாத்துத்தான் தட்டுவியா?" என்று மதில்மேல் ஏறிக் கத்தியிருக்கிறேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். எரிச்சலில் அதை அப்படியே அனுப்பித் தொலைத்தேன்.

சாப்பிட வந்த யாரோ அதை ரீல்ஸில் போட்டுவிட, பிடித்துக்கொண்டது பாருங்கள்! ஷேர் ஆட்டோவில் அது, மீன் வண்டியில் அது, அணுபுரத்துக் காதுகுத்தில் அது. எனக்குத் தலைகால் புரியவில்லை. உளிச் சத்தம் இல்லாமல் சுத்தமாக மறுபடி வாசித்துப் போட்டேன். நாய்கூடச் சீண்டவில்லை. "அந்த டொக் டொக் எங்க சார்?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள்.

நாவலூர் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றின் விழாவுக்குக் கூப்பிட்டார்கள். என் முதல் மேடை. டொக் டொக் இல்லாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்கள். வெட்கத்தை விட்டுப் பட்டறைக்குப் போனேன்.

"அண்ணாத்த, மேடையில என்கூட நீ தட்டணும். நான் கத்துனதெல்லாம் மனசுல வச்சுக்காத."

அவர் ஒரு கல்லைத் தட்டிக் காது கொடுத்துக் கேட்டார். உள்ளே விரிசல் இருந்தால் சத்தம் மந்தமாக வருமாம். பிறகுதான் என்னைப் பார்த்தார்.

"ரெண்டாவது வரி வந்தா தாளத்த வுட்டு ஓடுற நீ. மூணு வருஷமா ஒரே பேஜாரு. உன்ன இஸ்து புடிக்கத்தான் தட்டிக்கினு கீறேன். நீ இன்னான்னா மதில் ஏறி என்னையே கத்துற. வர்றேன், போ."

வீட்டுக்கு வந்து பழைய பதிவைக் கேட்டேன். இரண்டாவது வரியில் ஓடித்தான் இருக்கிறேன். உளி விழுந்த இடங்களில் அடங்கியிருக்கிறேன். அவமானமாக இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது.

மேடையில் எனக்கு முன்னால் அவரை உட்கார வைத்தேன். அவர் தட்ட ஆரம்பித்த பிறகுதான் நான் சாக்ஸஃபோனில் வாய் வைத்தேன்.