அட்டையில் ஏறிய குதிரை

யுத்த காலத்தில் மாதுங்கா ரேஷன் ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தேன். ஒரு நாள் தாராவியிலிருந்து மீசைக்காரர் ஒருவர், ஆட்டுக்குட்டி அளவே இருந்த மட்டக்குதிரைக் குட்டியைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்தார். பிறந்து இரண்டே நாள். அதன் காதைப் பொத்திக்கொண்டுதான் எதையும் பேசுவார்.

"இவனைப் பெத்தவ லட்சுமிக்குப் பால் ஊறல. கஞ்சிக்கு அரிசி வேணும். அவ பேரையும் அட்டையில ஏத்துங்கய்யா."

"ஆம்படையான் பேரு?" என்றேன் எரிச்சலுடன்.

காதை இன்னும் இறுக்கிப் பொத்தினார். "சர்க்கஸ்ல இருந்தவய்யா. எவன்னு கேக்கப்படாதுல்லா."

என்ன நினைத்தேனோ, 'லட்சுமி, விதவை' என்று எழுதிவிட்டேன்.

ஆறு மாதம் கழித்துக் குட்டியை நடத்திக்கொண்டு வந்தார். குனிந்து அதன் காதைப் பொத்தினார்.

"பால்குடி மறந்துட்டான். அவ பேரை அடிச்சிருங்கய்யா."

அடித்தேன். காலமாகிவிட்ட என் மாமனாரின் பேர் அன்றும் எங்கள் வீட்டு அட்டையில் இருந்தது.