விதைக்கிழங்கு வெட்டிய கத்தி

வெட்டிய விதைக்கிழங்கில் ஒரு பச்சை மணம் இருக்கும். அதில் அடுப்புச் சாம்பலைப் பிரட்டப் பிரட்ட, விரலிடுக்கெல்லாம் காய்ந்து வெடிக்கும்...

யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் கார்த்திகை மழை விட்டதும் எங்களுக்கு இதுதான் வேலை. துண்டுக்கு ஒரு முளையாவது இருக்க வெட்ட வேண்டும். அதில் என் கை சுத்தம் என்று பெயர். அதனால் என் கணவரின் தங்கச்சி, என் மச்சாளும், தன் விதைக்கிழங்குப் பெட்டியை என்னிடமே தந்துவிடுவா. அடுத்தடுத்த தோட்டம், ஒரே கிணறு.

அந்த வருஷம் முதலில் என் வீட்டில் மிச்சம் பிடித்த கிழங்கை வெட்டினேன். இரண்டு மூன்றுக்குள் மண்ணிறத்தில் ஒரு வளையம் கிடந்தது. எறிந்துவிட்டு, அதே கத்தியால் அவவின் பெட்டியையும் வெட்டி முடித்தேன்.

பூக்கிற நேரம்... காலையில் நிமிர்ந்து நின்ற செடி மத்தியானம் தலை தொங்கியது. இறைத்தும் எழும்பவில்லை. இரண்டு தோட்டமும் போய்விட்டன.

கிணற்றடியில், நாலு பேர் பார்க்க மச்சாளைப் பிடித்துக் கேட்டேன்.

"உன்ர பெட்டிதான் நோயைக் கொண்டு வந்தது. என்ர தோட்டத்தையும் சேத்து அழிச்சுப்போட்டாய்."

"பெட்டியில ஒரு பழுதுமில்லை மச்சாள். நீங்கள்தானே வெட்டினனீங்கள்."

"அப்ப என்ர கையிலயோ பிழை?"

அவ வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டா. அதோடு கதை பேச்சில்லை. அவவின் மகளின் கலியாணத்துக்கும் நான் போகவில்லை.

என் பேத்திக்கு, நாங்கள் குடிவந்த இந்த வெளிநாட்டில், உருளைக்கிழங்கில் புது இனம் உண்டாக்குகிற பண்ணையில் வேலை. போன சனிக்கிழமை, நாங்கள் இருக்கிற கிரெய்கிபர்னிலிருந்து என்னைக் காரில் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே ஒருத்தி ஒவ்வொரு கிழங்கு வெட்டியதும் கத்தியை மருந்துத் தண்ணீரில் தோய்த்தாள்.

"இவளுக்கென்ன, விசரோ?" என்றேன்.

"இல்லை அம்மம்மா. ஒரு கிழங்கில வாடல் நோய் இருந்தா, கத்தி மற்றதுக்கெல்லாம் குடுத்திடும். உள்ளுக்க பிரவுண் றிங் எண்டு மண்ணிறத்தில ஒரு வளையம் தெரியும்..."

 கதிரை ஒன்று கேட்டு உட்கார்ந்தேன். பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைப்பதை எல்லாம் பேத்தி காட்டினாள். ஒன்றும் கண்ணில் ஏறவில்லை.

மச்சாள் சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் இருக்கிறா. வீட்டுக்கு வந்ததும் பேத்தியைக் கொண்டு அவவுக்கு போன் போடுவித்தேன்.

"அண்டைக்கு என்ர கிழங்கிலதான் நோய் இருந்தது. என்ர கத்திதான் உனக்கும் தந்தது."



"தெரியும் மச்சாள். நீங்கள் எறிஞ்ச கிழங்கை நான் குப்பைக்குள்ள பாத்தனான்."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

"சொன்னா அண்ணா உங்களைச் சும்மா விட்டிருப்பாரோ?"

 என் கணவர் விட்டிருக்க மாட்டார்.

 இத்தனை வருஷம் நான் கறுவிக்கொண்டு திரிந்தேன். அவ என்னைக் காத்துக்கொண்டு வாய் மூடி இருந்திருக்கிறா. அதுக்கும் அவமேல் எனக்கு ஒரு கோபம் வருகிறது, என்ன செய்ய...

அந்த நாளில் ஊரில் எங்கள் இரண்டு வளவுக்கும் இடையில் வேலியில் ஆள் நுழைகிற ஒரு பொட்டு இருந்தது. குனிந்தால் அவவின் குசினி அடுப்பு தெரியும். சண்டையன்று அதை முள்ளு வைத்து அடைத்தவள் நான்தான். இப்போது அவவைப் பார்க்கப் பிளேன் ஏற வேண்டும். மகன் ரிக்கெற் போட்டுவிட்டான்.

வாசலில் அவ கதவைத் திறந்தால், முதல் சொல் என்னவென்று இன்னும் தெரியவில்லை.