மூன்றாம் படியில் சோடியம்

எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் வீட்டில் அந்த நவராத்திரிக்கு இரண்டு கொலு. ஒன்று அம்மாவுடையது. இன்னொன்று, பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அக்கா செருப்புப் பெட்டிகளை அடுக்கி, வெள்ளைத்தாள் ஒட்டிச் செய்த ஏழு படிகள். அதில் சாமி கிடையாது, தனிமங்கள்தான். எலக்ட்ரான் சுற்றுக்கு ஒரு நிறமாக, வண்ணக் களிமண்ணை ஒன்றின் மேல் ஒன்றாகப் பூசி உருட்டிய அணு உருண்டைகள். ஒவ்வொன்றின் முன்னாலும் பெயரும் எண்ணும் எழுதிய சீட்டு. செருப்புப் பெட்டி சாமி பக்கத்தில் கூடாது என்று அம்மா சொல்லிவிட்டதால் அது டிவிக்குக் கீழே இடம்பிடித்தது.

விளையாட்டுக்கு அவள் அதைச் செய்யவில்லை. திருச்சியில் விடுதியில் தங்கி வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. தாம்பரத்திலேயே பி.காம். போதும் என்பது அப்பாவின் முடிவு. கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுக்கும் பெரிய மாமா கொலுவுக்கு வரும்போது பார்த்துச் சொல்லட்டும் என்பதில் வந்து நின்றது பேச்சு.

மாமா வரவிருந்த மாலையில்தான், மூன்றாம் வகுப்பில் இருந்த நான், அந்தப் பிழையைக் கண்டுபிடித்தேன். மூன்றாம் படியின் இடது ஓரம் சோடியம், பதினொன்று. வலப்பக்கம் எண் ஏறிக்கொண்டே போய்ப் பதினேழில் குளோரின். உருண்டைகளோ பெரியதில் தொடங்கிச் சிறிதாகிக்கொண்டே போயின. எண் கூடினால் எலக்ட்ரானும் கூடும் என்று அக்காவே சொல்லியிருந்தாள். உள்ளே சரக்கு கூடினால் உருண்டை பெருக்க வேண்டாமா? மாமா முன்னால் அவள் மானம் போகப்போகிறதே என்று, அவள் தலை பின்னிக்கொண்டிருந்த நேரம் பார்த்து ஏழு உருண்டைகளையும் வரிசை மாற்றி வைத்தேன். மிகவும் திருப்தியாக இருந்தது.

மாமா சுண்டல் கிண்ணத்தோடு குனிந்து பார்த்தார். "என்னம்மா, சோடியம் இத்துனூண்டு இருக்கு? அடிப்படையே தப்பா இருக்கே."

அக்காவின் முகம் வெளுத்துவிட்டது. அப்பா பாதிக் காபியோடு டம்ளரைக் கீழே வைத்தார். அப்படி வைத்தால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம்.

"நான்தான் மாத்தி வெச்சேன்," என்றேன். "நம்பர் ஏறுதுல்ல, அப்ப உருண்டையும் பெருசாகணும்ல?"

மாமா சிரிக்கவில்லை. அக்காவைப் பார்த்து, "நியாயமாத்தானே கேக்கறா. பதில் சொல்லு," என்றார்.

அவள் படிக்கு முன்னால் உட்கார்ந்து உருண்டைகளைப் பழைய இடத்துக்கு நகர்த்திக்கொண்டே சொன்னாள். "எலக்ட்ரான் கூடுது, நிஜம்தான். ஆனா நடுவுல இருக்கிற கருவோட இழுப்பும் கூடவே ஏறுதுடி. புதுசா வர்றவங்களும் அதே வெளிச்சுத்துலதான் நிக்கறாங்க. இழுப்பு ஏற ஏற எல்லாரையும் கிட்ட இழுத்துக்குது."

பிறகு சோடியத்தைக் கையில் எடுத்தாள். "இதுக்கு வெளிச்சுத்துல ஒருத்தர்தான். அவர் கிளம்பிட்டார்னு வெச்சுக்கோ." நகத்தால் ஆரஞ்சு மண்ணை உரித்தாள். உள்ளே நீலமாக ஒரு குட்டி உருண்டை. "மிச்சம் பத்து பேர். அவங்களை முன்னைவிட நெருக்கமாப் பிடிச்சு வெச்சுக்கும். நீ தின்ற சுண்டல் உப்புல இருக்கிறது இந்தச் சோடியம்தான்."

கையிலிருந்த சுண்டலைப் பார்த்தேன். கண்ணுக்கே தெரியாத இத்தனை பேர், இத்தனை ஒழுங்காக, ஒருவரை ஒருவர் சுற்றி நிற்கிறார்களா? எனக்கு உடம்பு சிலிர்த்தது. அதை வாயில் போடவே பயமாக இருந்தது. அம்மாகூடத் தன் கொலுவை விட்டு எழுந்து வந்து நின்றிருந்தாள்.

அப்பா ஆறிப்போன காபியை எடுத்துக் குடித்து முடித்தார். "ஹாஸ்டல்ல சாப்பாடு எப்படி இருக்கும்?" என்று மாமாவைக் கேட்டார்.

ஜூனில் அக்காவைத் தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிட்டு வந்தோம். அறையும் கட்டிலும் இனி எனக்கு மட்டும் என்று உள்ளூர ஒரே குஷி. ஆனால் அன்று சாயங்காலமே அப்பா ஹாலில் தன் நாற்காலியை விட்டுவிட்டு என் கட்டிலில் வந்து உட்கார்ந்து பேப்பர் படித்தார். அம்மா கீரைத் தட்டோடு மறுபக்கம் உட்கார்ந்துகொண்டாள். மறுநாளும் அப்படியே. ஒரு ஆள் குறைந்த வீட்டில் இடம் கூடத்தானே வேண்டும்? காலை நீட்டக்கூட இடமில்லாமல் இருவருக்கும் நடுவில் இடுங்கிக் கிடந்த எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.