தலையில் ஒட்டிய பஞ்சு

நாச்சியம்மாள் கூடப்பிறந்த அண்ணனைக் காட்டிக் கொடுத்தவள் என்றுதான் சூலூர்ப் பக்கத்தில் இருக்கும் அந்த ஊர் இன்றைக்கும் சொல்லும். பாதிப் பேர் பெருமையாகச் சொல்வார்கள், மீதிப் பேர் காறித் துப்பிவிட்டுச் சொல்வார்கள். நடந்தது என்னவென்று இரண்டு தரப்புக்கும் தெரியாது. தெரியாததைப் பற்றித்தானே ஊர் வாய் ஓயாமல் பேசும்.

ஜவுளி வியாபாரிகள் கொடுக்கும் நூலை விசைத்தறியில் கூலிக்கு நெய்து கொடுப்பதுதான் அந்த ஊரின் பிழைப்பு. கூலியை உயர்த்தச் சொல்லித் தறிகளை நிறுத்திவிட்டுப் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். முதலில் வியாபாரிக்கும் தறிக்காரனுக்கும் இடையில் இருந்த சண்டை, நாள் ஓட ஓட, தறியை ஓட்டலாம் என்றும் கூடாது என்றும் தறிக்காரர்களுக்குள்ளேயே புகுந்துவிட்டது. பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்குப் பங்காளி போகவில்லை. டீக்கடை பெஞ்சுகூட இரண்டு கட்சியானது. நான் நடுவில் நிற்கிறேன் என்றவனை இரண்டு பக்கமும் மிதித்தார்கள்.

நாச்சியம்மாளின் புருஷன் தம்பிதுரை சங்கச் செயலாளர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். ஆனால் யோக்கியமான மனிதர், ஊரில் முதலில் நின்றவை அவருடைய தறிகள்தான். அண்ணன் ராக்கியண்ணன் அதிகம் பேசாதவர். அப்பா போன பிறகு தங்கையை வளர்த்து, தம்பிதுரைக்குக் கட்டிக் கொடுத்தவர் அவர். அவருடைய தறிக் குடோன் தோட்டத்துக்குள் தென்னைகளுக்கு நடுவே தனியாக இருந்தது. தறி ஓடினால் சத்தம் ஊருக்குள் எட்டாது.

ஒரு நாள் நாச்சியம்மாள் அண்ணனைப் பார்க்கத் தோட்டத்துக்குப் போனாள். எதிரே வந்த அண்ணனின் புருவமெல்லாம் வெள்ளையாக இருந்தது. தறி ஓடும்போது பறக்கிற பஞ்சு அது. வேலைநிறுத்தம் தொடங்கிய பிறகு ஊரில் ஒருவர் தலையிலும் பஞ்சு இல்லை.

"ஊரே பந்தல்ல உக்காந்திருக்குது, நீங்க தறிய ஓட்டறீங்களாங்ணா?"

"பாவு நூலை நெய்யாம வெச்சிருந்தா வியாபாரி திருப்பி எடுத்துட்டுப் போயிருவான் அம்மணி. அப்பறம் தறிய இரும்பு எடைக்குத்தான் போடோணும். மாப்ளைகிட்டச் சொல்லறதுன்னாச் சொல்லிக்க. நான் வேண்டாங்கல."

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் யோசித்தாள். சொன்னால் சங்கத்து ஆட்கள் போய்த் தறியில் ஏற்றிய பாவு நூலை அறுத்துப்போடுவார்கள். சொல்லாவிட்டால் பட்டினி கிடந்து போராடும் ஊருக்கும் புருஷனுக்கும் துரோகம். நியாயம் ஊர்ப்பக்கம் இருந்தது, மனசு அண்ணன் பக்கம் இருந்தது. வாசலில் தம்பிதுரை, "உங்கண்ணனைப் பந்தல் பக்கமே காணோம், என்ன பண்ணீட்டிருக்காரு?" என்று கேட்டார். "தென்னைக்குத் தண்ணி கட்டீட்டு இருக்காருங்க" என்றாள். அவ்வளவுதான், எந்தப் பக்கம் நிற்பதென்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அடுத்த வாரம் சங்கத்து ஆட்கள் அவள் வீட்டில் கூடி டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தேடுகிறார்கள் என்று தெரிந்து, தலையைக் காட்டிவிட்டுப் போகலாம் என்று ராக்கியண்ணனும் வந்து உட்கார்ந்தார். முகத்தை நன்றாகக் கழுவியிருந்தார். பிடரி அவர் கண்ணுக்குத் தெரியாதே.

தறிக்காரர் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. குடோனிலிருந்து வரும் ஆண்களின் தலையைப் பெண்கள் முந்தானையால் தட்டிவிட்டுத்தான் தண்ணீரோ சோறோ கொடுப்பார்கள், இல்லாவிட்டால் தட்டில் பஞ்சு விழும். நாச்சியம்மாள் பாவாடை கட்டிய வயதிலிருந்து அந்தத் தலையைத் தட்டியவள். அண்ணனிடம் தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். கை தானாக முந்தானையை எடுத்துத் தட்டியது. வாயும் தானாகச் சொன்னது: "தலையெல்லாம் பஞ்சு, தொடச்சுட்டு வரக்கூடாதுங்களாண்ணா?"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. பஞ்சு சிமெண்டுத் தரையில் விழுந்து கிடந்தது. எல்லோரும் அதையே பார்த்தார்கள். ராக்கியண்ணன் சொம்பை வாய் வைக்காமல் கீழே வைத்துவிட்டு எழுந்து போனார்.

பொழுது சாய்வதற்குள் சங்கத்து ஆட்கள் தோட்டத்துக் குடோனில் எல்லாத் தறியிலும் பாவு நூலை அறுத்துப்போட்டார்கள். அதற்குக் கத்திகூட வேண்டாம், ஒரு பிளேடு போதும். வியாபாரி நூலுக்குக் கணக்குக் கேட்டான். தறிகள் எடைக்குப் போயின.

பிறகு நடந்த கூட்டத்தில் தம்பிதுரை மைக்கைப் பிடித்தார். "என்ற சம்சாரம், அண்ணன்னுகூடப் பாக்காம நம்ம பக்கம் நின்னாளுங்க!" பந்தல் அதிரக் கைதட்டினார்கள். நாச்சியம்மாள் எழுந்து, இல்லை, எனக்கு முன்பே தெரியும், நான் மறைத்தேன், கை தவறிவிட்டது என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் புருஷன் தலையில் மண், சங்கம் சந்தி சிரிக்கும். அதனால்தான் பேசாமல் இருந்தேன் என்று பிற்பாடு தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஆனால் அந்தக் கைதட்டல் ஒரு நொடி காதுக்கு இனித்ததும் உண்மை. அதை நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கும் அவளுக்கு.

சங்கம் ஜெயித்தது என்று பட்டாசு வெடித்தார்கள். வியாபாரிகள் சில மாதம் உயர்த்திக் கொடுத்துவிட்டுப் பழையபடி குறைத்துக்கொண்டார்கள். ராக்கியண்ணன் ஒரு மில்லில் வாட்ச்மேன் ஆனார். தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அவள் மூன்று முறை போய்க் கூப்பிட்டாள். மில் கேட்டை அவர் திறக்கவில்லை.

பல வருஷம் கழித்து, போன ஆடியில் தம்பிதுரை தறியருகிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஊர் கூடியது. தாலியறுக்கிறவளுக்குப் பொறந்த வீட்டார் போடும் கோடிச் சேலை வராமல் பிணத்தை எடுக்க முடியாது. அவளுக்குப் பொறந்த வீடென்று இருப்பது ஒரே ஆள். வருவாரா என்று எல்லோரும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாட்ச்மேன் சட்டையோடு, கையில் மஞ்சப் பையோடு வந்தார். தலை சுத்தமாக, நரைத்து இருந்தது. கோடியை அவள் தோளில் போடக் குனிந்தபோது, நாச்சியம்மாள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான் சொல்லலீங்ணா... கைப்பழக்கத்துல தட்டிப்போட்டேன், சத்தியமாச் சொல்லலீங்ணா..."

"தட்டுனது பழக்கம்னு எனக்கு அன்னைக்கே தெரியும் கண்ணு," என்றார் ராக்கியண்ணன். "கூட்டத்துல மாப்ளை உன்னையப் பெருமையாப் பேசறப்ப வாயத் தொறக்காம உக்காந்திருந்தியே, அது பழக்கமில்லையே."

கையை மெதுவாக விடுவித்துக்கொண்டு, பாடை தூக்க ஒரு ஆள் வேண்டும் என்று கூப்பிட்ட பக்கம் போனார்.