வழுக்கிய பல்சக்கரம்

கோடம்பாக்கத்தில் கேமரா உதவியாளனாக இருந்தேன். நடிகர் நகர நகர லென்ஸைத் திருப்பி, முகம் மங்காமல் பார்த்துக்கொள்வது என் வேலை. அப்படித் திருப்புவதற்கான பல்சக்கரம் புது லென்ஸில் பிடிக்காமல் வழுக்கியது. கேமராமேனிடம் கேட்டு, ஞாயிற்றுக்கிழமை மயிலாப்பூர் வீட்டுக்கே கேமராவைக் கொண்டுவந்தேன். சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டை வெட்டி உள்ளே சுற்றி, சக்கரத்தை இறுக்கினேன்.

சோதித்துப் பார்க்க, மொட்டைமாடியில் மனைவியை நடந்து வரச் சொன்னேன். கல்யாணமாகி இரண்டு மாதம்தான். ஆட்கள் நிறைந்த வீட்டில் நாங்கள் சரியாகப் பேசிக்கொண்டதுகூட இல்லை.

"நான் எங்க பாக்கணும்?" என்றாள்.

"என்னைப் பாரு."

மெதுவாக நடந்து வந்தாள். சக்கரம் வழுக்கவில்லை. அவள் முகம் கடைசிவரை தெளிவாகத் தெரிந்தது.

"சரியா வந்துதா?"

"வந்துது," என்றேன். "ஆனாலும் இன்னொரு தடவை நட."

சிரித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.