மளிகைச் சீட்டில் எண்ணெய் இல்லை

எங்கள் வீட்டு மளிகைக்கு மாதம் மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒண்ணாம் தேதி வீட்டுக்காரி கையில் கொடுத்துவிடுவேன். அவள் மேற்கொண்டு கேட்டதில்லை. நான் கணக்குக் கேட்டதில்லை. நாலு வருசமாக அதே தொகை. ஊரில் எல்லாம் விலை ஏறியது. எங்கள் வீட்டில் மட்டும் ஏறவில்லை.

நான் தறி ஓட்டுகிறவன். காங்கேயத்துக்கு வெளியே ஒரு தறிக்குடோனில் வேலை. வேலை முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால் விலைவாசிப் பேச்சு வரும். ஆளாளுக்கு ஆறாயிரம், ஏழாயிரம் என்பார்கள். நான் கடைசியாகச் சொல்வேன்.

"எங்கூட்டுல மூவாயிரத்தஞ்சூறுதானுங்க. முப்பது நாளும் ஓடீருது."

"அப்ப உங்கூட்டுல காத்தத்தான் புடிச்சு வட்டல்ல போடறாங்களாட்ட இருக்குது" என்பார் ஒருத்தர். எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஏதோ நான் சாமர்த்தியம் பண்ணின மாதிரி.

போன ஆவணியில் ஒருநாள் காலையில் வாசல் கூட்டிக்கொண்டிருந்தவள் சீமாறு கையில் இருக்கவே சாய்ந்துவிட்டாள். கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் பத்தொன்பது நாள். உயிர் தப்பியது. வலது கையும் காலும் போயிற்று. பேச்சும் போயிற்று. நாம் சொல்வது அவளுக்குப் புரியும். அவள் சொல்வதற்குத்தான் வழி இல்லை. இடது கையால் காட்டுவாள். இல்லாவிட்டால் பார்ப்பாள்.

எங்களுக்கு ஒரே மகள். வெள்ளகோவிலில் கொடுத்திருக்கிறோம். பத்து நாள் வந்து இருந்து பார்த்தாள். மாப்பிள்ளை தங்கமானவர்தான், ஆனாலும் எத்தனை நாள் கடைச்சோறு தின்பார். கிளம்புகிற அன்றைக்குச் சொன்னாள்.

"அம்மாவ நான் கூட்டீட்டுப் போறேனுங்கப்பா. நீங்களும் வாங்க."

"நான் பாத்துக்கறேன் கண்ணு."

"என்னத்தப் பாப்பீங்க? சோறு பொங்கத் தெரியுமா உங்களுக்கு?"

"குக்கர் இருக்குதல்லொ."

"குக்கரு தானா எந்திரிச்சு அரிசி கழுவாது."

"பொண்ணு குடுத்த ஊட்டுல போயி வட்டல் முன்னால உக்கார மாட்டேன் சாமி. உங்கம்மாளையும் உக்கார வெக்க மாட்டேன்."

எங்கள் பக்கத்தில் அப்படித்தான். பெண் கொடுத்த வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். ஒரு வாய் காப்பி குடிப்போம். அங்கேயே கிடந்து தின்பது இல்லை. ஆஸ்பத்திரிச் செலவும் மாத்திரைச் செலவும் மாப்பிள்ளைதான் பார்த்தார். அதற்கே எனக்குத் தலை நிமிரவில்லை.

மகள் தன் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"சரிங்கப்பா. ஒரு மாசம். ஊடு ஓடுதான்னு பாக்கறேன். ஓடலீன்னா வண்டி கொண்டாந்து அம்மாவத் தூக்கீட்டுப் போயிருவேன். அப்பறம் ஒரு வார்த்த பேசப்புடாது."

"சரி" என்றேன்.

ராத்திரி ஷிப்டை விட்டேன். பகலில் மட்டும் தறிக்குப் போனேன். பகலில் அவளைப் பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்துக்கொள்ளும். வாரக் கூலி பாதியாகிவிட்டது. அதனால் மூவாயிரத்து ஐந்நூறுக்கு மேல் ஒரு ரூபாய் போகக்கூடாது. போனால் மகளிடம் கை நீட்ட வேண்டும். நீட்டினால் என் வீட்டுக்காரி வெள்ளகோவிலுக்குப் போய்விடுவாள். கணக்கு அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரி மளிகைச் சீட்டுகளை அடுப்படியில் ஒரு கம்பியில் குத்தி வைத்திருப்பாள். மேலே இருந்த சீட்டை உருவிக்கொண்டு கடைக்குப் போனேன். "இதே மாதிரி போடுங்க" என்றேன். துவரம்பருப்பு, உளுந்து, புளி, மிளகாய், சர்க்கரை, காப்பித்தூள், சோப்பு. மூவாயிரத்துச் சொச்சம் வந்தது. காய்க்குக் கொஞ்சம் மிஞ்சியது. அரிசி ரேசனில் வந்துவிடும். இதென்ன பெரிய காரியம் என்று நினைத்துக்கொண்டு வந்தேன்.

நாலாம் நாள் எண்ணெய்ப் போசியைச் சாய்த்தால் ஒரு சொட்டு வரவில்லை. சாமான் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பார்த்தேன். இல்லை. கடைக்காரர் கட்ட மறந்துவிட்டார் என்று போனேன்.

"ஏனுங்க, எண்ணெயப் போடாம உட்டுட்டீங்களே."

அவர் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இதுல எண்ணெயே இல்லீங்களேண்ணா."

"எழுத மறந்திருப்பா. மத்த மாசத்துக்குப் போட்டாப்புல போடுங்க."

"எந்த மாசமும் போட்டதில்லீங்க. கடை வெச்சதுல இருந்து உங்கூட்டுக்கு நான் ஒரு லிட்டர் எண்ணெய் போட்டதில்ல. என்ர கடை எண்ணெய் ஆகாதுங்களா அக்கான்னு நானே கேட்டிருக்கறேன். சிரிச்சுப்போட்டுப் போயிருவாங்க."

தேங்காய் எண்ணெய் என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். "அப்பறம் வாரேனுங்க" என்று திரும்பிவிட்டேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம்தான் கேட்க வேண்டியிருந்தது. அது ஆச்சரியமாகப் பார்த்தது.

"அக்கா களத்துல இருந்து கொண்டாருவாங்கல்லங்ண்ணா. உங்களுக்குத் தெரியாதுங்களா?"

"தெரியும் தெரியும்" என்றேன். தெரியாது.

அவள் தேங்காய்க் களத்துக்குப் பதினெட்டு வருசமாக வேலைக்குப் போனவள். தேங்காயை உடைத்து, வெயிலில் காயப்போட்டு, கொப்பரைப் பருப்பைத் தோண்டி எடுக்கிற வேலை. கூலி மகளுக்குச் செய்கிற சீருக்கும் நோம்பி, பண்டிகைக்கும் போய்விடும். அது எனக்குத் தெரியும். தெரியாதது என்னவென்றால், சனிக்கிழமை சனிக்கிழமை உடைசலும் கருத்துப்போன பருப்பும் ஆளுக்கு இரண்டு படி எடுத்துக்கொள்ளலாமாம். அதை இவள் சேர்த்துவைத்துக் காயவைத்து மாதம் ஒருமுறை மில்லில் ஆட்டிக்கொண்டு வருவாள். ஆட்டுக்கூலி கிடையாது. பிண்ணாக்கை மில்காரர் வைத்துக்கொள்வார். குழம்புக்குத் தேங்காயும் அங்கேதான். வெந்நீர் அடுப்பில் எரிக்கத் தேங்காய்த் தொட்டியும், அதாவது சிரட்டையும், அங்கேதான். ஒரு சிலிண்டர் எங்கள் வீட்டில் நாலு மாதம் வரும். அதையும் டீக்கடையில் பீத்தியிருக்கிறேன்.

சனிக்கிழமை அவள் பையோடு வருவதைப் பார்த்திருக்கிறேன். தொட்டிதான் என்று நினைத்தேன். பையை எட்டிப் பார்த்ததில்லை.

"ரேசன்ல போடற பாமாயில எனக்குக் குடுத்துப்போட்டு எங்கிட்ட தயிர் வாங்கிக்குவாங்க. இந்த மாசம் பாக்கெட் இன்னும் வரலீங்க" என்றது அந்தப் பெண்.

மறுநாள் மத்தியானம் களத்துக்குப் போனேன். அவள் உட்காருகிற வேப்பமரத்தடியில் வேறொரு பொம்பிளை உட்கார்ந்து பருப்புத் தோண்டிக்கொண்டிருந்தாள். களத்துக்காரர் எழுந்து வந்தார். நாற்காலி போடச் சொன்னார்.

"வாங்க வாங்க. அக்காளுக்கு எப்படிங்க இருக்குது?"

"தேவலைங்க."

"அவங்க இல்லாம இங்க ஒரு வேலையும் ஒழுங்கா நடக்கறதில்லீங்க. ஒரு சத்தம் போட்டாங்கன்னா அத்தன பேரும் குனிஞ்ச தலை நிமிர மாட்டாங்க." தோண்டிக்கொண்டிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் வீட்டில் அவள் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை.

இளநீர் வெட்டிக் கொடுத்தார். குடித்தேன். மூலையில் உடைசல் பருப்பு குவிந்து கிடந்தது. சாக்கில் அரைச் சாக்கு தேறும். கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். பையை மடித்து வேட்டி மடிப்பில்தான் சொருகியிருந்தேன். வாய் வரவில்லை. அவள் வேலை செய்து எடுத்தாள். நான் நின்று கேட்டால் அதற்குப் பேர் வேறே.

"என்னுங்க, ஏதாச்சும் சோலியா வந்தீங்களா?"

"இல்லீங்க. சும்மா இந்தப் பக்கம் வந்தேன்."

வெறும் பையோடு வந்துவிட்டேன். இன்றைக்கு யோசித்தால் அங்கேதான் கெட்டது.

ரேசன் பாமாயிலை எடுத்து வைத்துக்கொண்டேன். பக்கத்து வீட்டுத் தயிர் நின்றது. முதல் நாள் அரிசிம்பருப்புச் சோறு பொங்கினேன். அவளுக்குப் பிடித்தது. சுடச்சுட ஊட்டினேன். இரண்டு வாய் வாங்கினாள். மூன்றாம் வாய்க்கு உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

"ஏன், உப்பு பத்தலியா?"

பார்த்தாள்.

"காரமா?"

இடது கையைத் தூக்கி அடுப்படியைக் காட்டினாள். தண்ணீர் கொண்டுவந்தேன். தலையை ஆட்டினாள். மறுபடி காட்டினாள். அவள் கை நீண்ட திசையில் எண்ணெய்ப் போசி இருந்தது. எனக்குப் புரிந்த மாதிரியும் இருந்தது. புரியாத மாதிரி இருந்துகொண்டேன். மாதத்தில் இருபத்து மூன்று நாள் பாக்கி இருந்தது.

அடுத்த நாள் கத்தரிக்காய்ப் பொரியல். வாயே திறக்கவில்லை. தோசை சுட்டேன். அதுவும் இல்லை. நோவு வந்தவர்களுக்கு வாய் கசக்கும், பசி எடுக்காது என்று நானே சொல்லிக்கொண்டேன். கடைசியில் கஞ்சி காய்ச்சி உப்புப் போட்டுக் கொடுத்தேன். குடித்தாள். மறுநாளும் கஞ்சி. அதற்கு மறுநாளும்.

கஞ்சிக்குச் செலவு கம்மி. இதை எழுதத்தான் கை வரமாட்டேன் என்கிறது. மாதப் பாதியில் பருப்பு டப்பாவைப் பார்த்தேன், பாதிக்கு மேல் இருந்தது. நிம்மதியாக இருந்தது. இந்த மாதத்தைத் தாண்டிவிடலாம் என்று அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன்.

பக்கத்து வீட்டுப் பெண் ஒருநாள், "அக்கா எளச்சுட்டாங்கண்ணா" என்றது. "படுத்தே கெடந்தா எளைக்கத்தான் செய்யும்" என்றேன்.

சொன்ன மாதிரி மாதக் கடைசியில் மகள் வந்தாள். மாப்பிள்ளை காரை வாசலில் நிறுத்திவிட்டு வெளியிலேயே நின்றார். நான் இருநூற்று எண்பது ரூபாயை எடுத்து அலமாரி மேல் வைத்தேன்.

"பாத்துக்க. மளிகை, காய் எல்லாம் போக மிச்சம். நானாச்சு, ஊடாச்சு."

"பரவால்லீங்களே" என்று மகள் சிரித்தாள். அவளுக்கும் சந்தோசம்தான். அம்மாவைத் தண்ணி வார்க்கத் தூக்கினாள். தூக்கியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"என்னங்கப்பா இது. தூக்குனதே தெரியல."

குளிப்பாட்டிப் படுக்கவைத்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். போசியைத் திறந்து மோந்து பார்த்தாள்.

"இதுலயா ஆக்கிப் போட்டீங்க?"

"ரேசன் எண்ணெய். நல்லாத்தான் இருக்குது."

"அம்மாளுக்கு இந்த வாடை வந்தாலே கொமட்டுமேங்கப்பா. கல்யாண வீட்டுலகூட இதுல சுட்டதுன்னா தொட மாட்டாங்க. உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியாது" என்றேன்.

"முப்பது வருசம் ஒண்ணாக் குடும்பம் பண்ணியிருக்கீங்க."

மாப்பிள்ளையை அனுப்பிக் கால் லிட்டர் தேங்காய் எண்ணெய் வாங்கிவரச் சொன்னாள். அரிசிம்பருப்புப் பொங்கினாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். ஒரு வட்டல் சோறு. இவள் வேகவேகமாகத் தின்றாள். புரை ஏறியது. மகள் தலையில் தட்டினாள். தண்ணீர் குடித்துவிட்டு மறுபடியும் வாயைத் திறந்தாள். ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.

மகள் என்னைத் திட்டவில்லை. சேலைகளை எடுத்துப் பையில் வைக்க ஆரம்பித்தாள்.

"பணம் மிஞ்சிச்சே கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது.

"ஆமாங்கப்பா. மிஞ்சிச்சு" என்றாள். பேசப்புடாது என்று முதலிலேயே சொல்லியிருந்தாள். நானும் சரி என்று சொல்லியிருந்தேன். மாப்பிள்ளையும் நானும் சேர்ந்து தூக்கிக் காரில் உட்காரவைத்தோம். இவள் என் பக்கம் திரும்பவில்லை. கழுத்து அந்தப் பக்கம் திரும்பாது, வலதுபக்கம் போனதில் அதுவும் சேர்த்தி. அப்படித்தான் நினைத்துக்கொண்டேன்.

இப்போது ராத்திரி ஷிப்டுக்கே திரும்பப் போகிறேன். ஞாயிற்றுக்கிழமை வெள்ளகோவிலுக்குப் பஸ் ஏறுவேன். காங்கேயம் பஸ் ஸ்டாண்டிலேயே நாலு இட்லி தின்றுவிடுவேன். அரைக் கிலோ ஆப்பிளோ, ஒரு சீப்புப் பழமோ வாங்கிக்கொள்வேன்.

போன ஞாயிறு போனபோது சாப்பாட்டு நேரம். இவளைச் சுவரில் சாய்த்து உட்காரவைத்திருந்தார்கள். இடது கையாலேயே பிசைந்து தின்றுகொண்டிருந்தாள். கன்னத்தில் சதை போட்டிருந்தது.

"மூணு கிலோ ஏறியிருக்கறாங்கப்பா" என்றாள் மகள். "உங்களுக்கும் ஒரு வட்டல் போடட்டுங்களா?"

"இப்பத்தான் தின்னுட்டு வந்தேன் கண்ணு."

இவள் கையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். என்ன சொல்கிறாள் என்று இந்த முறை எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. இவள் மறுபடியும் சோற்றைப் பிசைந்தாள்.

திரும்பி வருகிற பஸ் அஞ்சரைக்குத்தான். நான் மூன்றரைக்கே எழுந்துவிட்டேன்.