கால்வெஸ்டனில் சாம்பியன் சிலையும் நான் கேட்ட மூன்றாவது கேள்வியும்

கடந்த ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை, டல்லாஸ் பக்கத்தில் நாங்கள் இருக்கும் ஃபிரிஸ்கோவிலிருந்து டெக்சாஸின் தென்கடலோரத் தீவான கால்வெஸ்டன் போய்வந்தேன். உலகின் முதல் கறுப்பின ஹெவிவெயிட் குத்துச்சண்டை சாம்பியன் பிறந்த ஊர் அது. அவர் நினைவாக அங்கே ஒரு சிறு பூங்காவும் சிலையும் இருக்கின்றன. மனைவியிடம் அதைப் பார்க்கப் போவதாகத்தான் சொன்னேன். உண்மையில் போனது மாப்பிள்ளை வீட்டைப் பற்றி விசாரிக்க.

சான் ஹோசேயில் இருக்கும் என் தங்கை கவிதா, உடன் வேலை செய்யும் மார்கஸைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகப் பிப்ரவரியில் போனில் சொன்னாள். மார்கஸ் கறுப்பர், கால்வெஸ்டன்காரர். "அம்மாகிட்ட நீ பேசுண்ணா. நீ சொன்னாத்தான் கேப்பாங்க," என்றாள். சரி என்றேன். ஆனால் அம்மா இருக்கும் கோபிச்செட்டிபாளையத்துக்குப் போன் போடக் கை வரவில்லை. எங்கள் பக்கம் சம்பந்தம் பேசும் முன் யாராவது ஒருவர் மாப்பிள்ளை ஊருக்குச் சத்தமில்லாமல் போவார். டீக்கடையிலும் சலூனிலும் பேச்சுக் கொடுத்து, குடும்பம் எப்படி என்று தெரிந்துகொண்டு வருவார். பதினெட்டு வருடம் அமெரிக்காவில் குப்பை கொட்டியும் எனக்கு வேறு வழி தெரியவில்லை. கவிதாவிடம் மூச்சு விடவில்லை.

காலை 5:30க்குக் கிளம்பினேன். ஒரு வழி சுமார் 310 மைல். டல்லாஸ் தாண்டியதும் 45ஆம் எண் ஃப்ரீவேயைப் பிடித்தால் கடைசிவரை அதே சாலைதான், தூக்கம் வராமல் பார்த்துக்கொள்வதுதான் வேலை. வழியில் ஒரு காபி, ஒரு ரெஸ்ட் ரூம் நிறுத்தம். ஹூஸ்டனுக்குள் எதிர்பார்த்தபடி இருபது நிமிடம் ஊர்ந்தேன். தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறியபோது மணி 11:05. போக வர பெட்ரோல் 61 டாலர், டோல் 7 டாலர்.

மார்கஸின் பெற்றோர் முகவரி என்னிடம் இருந்தது. கிறிஸ்துமஸ் சமயத்தில், கூட வேலை பார்ப்பவரின் வீடு என்று மட்டும் சொல்லி, அவர்களுக்கு முறுக்கு அனுப்பக் கவிதாதான் கொடுத்திருந்தாள்; நானும் அனுப்பியிருந்தேன். அந்தத் தெரு முனையில் ஒரு முடிதிருத்தும் கடை. நல்லதாகப் போயிற்று என்று உள்ளே போய் உட்கார்ந்தேன். கட்டணம் 25 டாலர், டிப் தனி. கடைக்காரருக்கு அறுபது வயது இருக்கும். வானிலை, மீன்பிடிப்பு என்று ஆரம்பித்து மெல்ல விஷயத்துக்கு வந்தேன்.

"இந்தத் தெருவுல ஹார்பர்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர் ஒருத்தர் இருக்காராமே, எப்படிப்பட்டவர்?"

"தங்கமான மனுஷன்."

"குடிப்பழக்கம் ஏதாவது?"

"சர்ச்ல வாலன்டியரா இருக்கார்."

மூன்றாவதாக, குரலைத் தாழ்த்தி, "குடும்பத்துல யார் மேலயாவது போலீஸ் கேஸ், ஜெயில் அந்த மாதிரி?" என்றேன்.

கத்தரிக்கோல் நின்றது. "நீங்க யாரு?" என்றார். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்ததும் பொய் சொல்ல வரவில்லை, சொல்லிவிட்டேன். அவர் போனை எடுத்து யாரையோ அழைத்தார். பத்து நிமிடத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு உயரமான ஒருவர் வந்தார். மார்கஸின் அப்பா. எனக்கோ பாதித் தலைதான் வெட்டியிருந்தது, எழுந்து ஓடவும் முடியாது.

"கவிதாவோட அண்ணன்தானே? போட்டோல பார்த்திருக்கேன். முதல்ல முடியை வெட்டி முடிக்கட்டும்," என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக் காத்திருந்தார்.

பிறகு என் காரிலேயே பூங்காவுக்கு அழைத்துப் போனார். கடற்கரைச் சாலையிலிருந்து ஒரு மைல்கூட இல்லை. நுழைவுக் கட்டணம் கிடையாது. எங்களைத் தவிர யாரும் இல்லை.

"ஜெயிலைப் பத்திக் கேட்டீங்களாம். எங்க ஊர்ல ஜெயிலுக்குப் போனவங்கள்ல ரொம்பப் புகழ் பெற்றவர் இவர்தான்," என்றார் சிலையைக் காட்டி. வெள்ளைக்காரர்களை மேடையில் அடித்து வீழ்த்தியது ஒரு கோபம், வெள்ளைக்காரப் பெண்களோடு பழகியதும் மணந்ததும் அதைவிடப் பெரிய கோபம். ஒரு வெள்ளைக்காரப் பெண்ணைத் தவறான நோக்கத்தோடு மாநில எல்லை தாண்டி அழைத்துப் போனார் என்று வழக்குப் போட்டு, ஒரு வருடமும் ஒரு நாளும் தண்டனை கொடுத்தார்கள். செத்துப் பல காலம் கழித்து, தீர்ப்பு வந்து நூறு வருடத்துக்கு மேல் ஆன பிறகு, மன்னிப்பு வழங்கினார்கள். இதையெல்லாம் அவர் பஸ் டைம் டேபிள் வாசிப்பது போலச் சொன்னார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. மூன்று வருடம் முன்பு நியூ ஜெர்சியில் மான்மவுத் ஜங்ஷனில் இருந்த ஒரு கோயம்புத்தூர்ப் பையனின் வரன் கவிதாவுக்கு வந்தபோதும் நான்தான் விசாரித்தேன். சம்பளம், கிரீன் கார்டு, வீட்டு லோன் எல்லாம் கேட்டேன். போலீஸ் கேஸ் உண்டா என்று கேட்கத் தோன்றவே இல்லை.

அவரை வீட்டு வாசலில் இறக்கிவிட்டு மன்னிப்புக் கேட்டேன். "முறுக்கு நல்லா இருந்தது," என்றார். பிறகு, "நான் கவிதாகிட்ட சொல்ல மாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

மாலை நாலு மணிக்குக் கடற்கரைச் சாலையில் காரை நிறுத்திவிட்டு அவளை அழைத்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. முழுதும் கேட்டுவிட்டு, "என்கிட்ட கேட்டிருந்தா நானே கூட்டிட்டுப் போயிருப்பேனேண்ணா," என்றாள். பிறகு, "அம்மாகிட்ட நீ பேச வேண்டாம். நானே பேசிக்கறேன்."

போக நினைப்பவர்களுக்கு: ஒரே நாளில் திரும்ப நினைக்காதீர்கள், பதினோரு மணி நேர டிரைவிங் முதுகை ஒடித்துவிடும். நான் 118 டாலருக்கு அறை எடுத்தேன், சுமாரான அறை. வெயில் ஏறும் முன் பூங்காவுக்குப் போய்விடுங்கள், சிலைக்கு அரை மணி போதும். கோடையில் தண்ணீர் கட்டாயம். ஊர்க்காரர் யாராவது கூட வந்தால் கல்வெட்டில் இல்லாததையும் சொல்வார்கள். ஆனால் அவர்களைப் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் முதலில் போன் செய்துவிட்டுப் போங்கள்.

அம்மாவிடம் கவிதா என்ன பேசினாள் என்று எனக்குத் தெரியாது. அம்மாவும் சொல்லவில்லை, விசாவுக்கு மட்டும் அப்ளை பண்ணியிருக்கிறார். கல்யாணம் அக்டோபரில், கால்வெஸ்டனில். பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில் வீடு வீடாகப் போய்ப் பத்திரிகை வைக்க வேண்டியவன் நான். போன வாரம் எனக்கே ஒன்று வந்தது, தபாலில்.